பட்டணத்தில் எட்டு நாள் மாப்பிள்ளை

சென்னப்பட்டணத்துக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல, கல்யாணம் கட்ட. உலக மகா யுத்தம் ஓய்ந்த மறுவருஷம். யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வயது முப்பத்துமூன்று. மாம்பலத்தில் இருந்த எஸ்தரை எனக்குப் பேசி முடித்தவர்கள் இரண்டு ஊர்ப் போதகர்மார். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தது புகைப்படத்தில் மட்டும். ஒரு வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டோம். அவளுடைய கடிதங்களைப் படித்துப் படித்து, கடல் தாண்டும்போதே எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

என் குறிப்புப் புத்தகத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எந்தத் திட்டத்தைச் சொன்னாலும் "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். சந்தைக்குப் போய் மீன் வாங்குவதற்குக்கூட அந்தச் சொல் வேண்டும். நானும் தவறாமல் சொல்வேன். புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் "க. சி." என்று இரண்டெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே கர்த்தர் தலையிட இடமே இல்லாதபடி மணிவாரியாகத் திட்டம் எழுதுவேன். அது போதாதென்று, செய்யப்போகிற காரியத்தை முதல் நாளே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு அடித்துவிடுவேன். கோட்டைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்துவிட்ட நிம்மதி வரும். இந்தப் பயணத்தில் சந்தோஷம் தலைக்கேறி, ரயிலிலேயே ஒரு வாரத்துக்கும் சேர்த்து அடித்துத் தள்ளிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வந்து இறங்கினேன். மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்கக் கூடாதல்லவா? மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில், எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு வாத்தியார் வீட்டு மாடியில் அறை கிடைத்தது. குளித்துவிட்டுக் கீழே ஒரு காப்பி கிளப்பில் நுழைந்தேன். இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வந்தன. எங்கள் ஊர்ச் சம்பலில் யாரோ தண்ணீரை ஊற்றிவிட்டார்கள் என்று முதல் வாயில் நினைத்தேன். நாலாம் வாயில் இன்னொரு கிண்ணம் கேட்டேன். காப்பி மட்டும் முதல் வாயிலேயே என்னைச் சாய்த்துவிட்டது. எங்கள் ஊரில் குடிக்கிற மல்லிக் கோப்பியைப் பற்றி இங்கே மூச்சு விடக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

பக்கத்து மேஜையில் இரண்டு பெரியவர்கள் ரேஷனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்துல சக்கரை தீந்து போச்சு ஓய். அதான் தினம் இங்க வந்து குடிச்சுண்டிருக்கேன்."

"மாமி கேட்டா?"

"வாக்கிங் போயிண்டிருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

மாலை ஐந்து மணிக்கு மாம்பலத்தில் இருக்க வேண்டும் என்பது திட்டம். லஸ் முனையில் ஒரு ஜட்கா குதிரை வண்டி பிடித்தேன். எங்கள் ஊர் மாட்டு வண்டியில் ஏறிப் படுத்துக்கொள்ளலாம். ஜட்காவில் ஏறியவனும் சேர்ந்து வண்டி ஓட்ட வேண்டும் போலிருக்கிறது.

"முன்னாடி வந்து குந்து நைனா, பின்னாடி பாரம் ஜாஸ்தியா கீது," என்றான் வண்டிக்காரன். குந்தினேன். "இப்போ கொஞ்சம் பின்னால போ." போனேன். தேனாம்பேட்டை தாண்டியதும் குதிரை ஒரு டீக்கடை வாசலில் நின்றது. நின்றது நின்றதுதான்.

"ஏன் நிக்குது?" என்று கேட்டேன்.

"இங்க நின்னு அதுக்குப் பழக்கம்."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அது இன்னா, கையில கெடியாரம் கட்டிக்கினா கீது?" என்று சொல்லிவிட்டு அவன் டீ குடிக்கப் போனான்.

ஐந்தே முக்காலுக்கு எஸ்தர் வீட்டு வாசலில் இறங்கினேன். வெள்ளைச் சட்டை முழுவதும் வைக்கோல் ஒட்டியிருந்தது. கதவருகே நின்றவள் என்னைப் பார்த்தாள், வைக்கோலைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புகைப்படத்தில் அவள் கண்ணாடி போட்டிருக்கவில்லை. முகம் கோவில் பிரசங்கம் கேட்கிற முகமாக இருந்தது. நேரில் தடித்த கண்ணாடியும் அதற்குப் பின்னால் அடங்காத சிரிப்பும். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு வைக்கோலைத் தட்டத் தொடங்கினேன்.

அவளுடைய அப்பா ஆசீர்வாதம் மாமா, சர்வே ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தாயில்லாத ஒரே பெண்ணைக் கடல் கடந்து அனுப்பப் போகிற கவலையை ஓயாமல் பேசி மறைத்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, புஸ்தகத்துல எல்லாம் எழுதி வச்சிருக்கிறதா சொன்னீங்களே, காட்டுங்க பாப்போம்," என்றார். பெருமையோடு எடுத்து நீட்டினேன். எஸ்தர் அதை நடுவில் வாங்கிவிட்டாள்.

"திங்கள், அஞ்சு மணி, எஸ்தரைக் காணல். அஞ்சு அஞ்சு, மகிழ்ச்சி," என்று வாசித்தாள். "ரெண்டையும் அடிச்சிருக்கே? அஞ்சு அஞ்சுக்கே சந்தோஷப்பட்டு முடிச்சிட்டீங்களா? இனிமே பாக்கி ஒண்ணும் இல்லியா?"

"கிடக்கு... நிறையக் கிடக்கு," என்றேன். மாமா குலுங்கிச் சிரித்தார்.

அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். சனிக்கிழமைப் பக்கம் வந்தது. "காலை 9.30, விவாகம்." அதற்கும் குறுக்கே சிவப்புக் கோடு. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதையும் அடிச்சிட்டீங்களே," என்று மெல்லச் சொன்னாள். புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் காப்பி கலக்க உள்ளே போனாள். எனக்கு ஏதோ சறுக்கிவிட்டது என்று தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை, கல்யாணத்தை நடத்தி வைக்கப் போகிற போதகரைப் பார்க்க மாமாவும் நானும் அடையாற்றுக்குப் பஸ் ஏறினோம். பெட்ரோல் பஞ்சத்துக்காகப் பின்னால் கரி அடுப்புக் கட்டிய பஸ் அது. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இருமிவிட்டு நின்றது. கண்டக்டர் இறங்கி அடுப்பைக் குத்தினார், ஊதினார். பிறகு, "ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளு சார்!" என்று பொதுவாக அறிவித்தார். பாலம் நெடுகத் தள்ளினோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, எங்கள் ஊர்க் கடல்நீரேரி மாதிரி உப்புக் காற்று. கரிப்புகை மூக்கில் ஏற ஏற எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெண் கட்ட வந்த இடத்தில் எத்தனை பேருக்குப் பஸ் தள்ளக் கிடைக்கும்?

முகத்தில் கரியோடு போதகர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் துண்டு கொடுத்தார். மோர் கொடுத்தார். பிறகு, "மூணு ஓலையும் வாசிச்சாச்சுன்னு உங்க சபைப் போதகர் கடிதம் குடுத்திருப்பாரே, அதைக் குடுங்க," என்றார்.

இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வாசிப்பதற்குத்தான் ஓலை என்று பெயர். பெண்ணின் சபையிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளையின் சபையிலும் வாசிக்க வேண்டும். நான் சட்டைப் பையைத் தடவினேன். கைப்பெட்டியைத் துழாவினேன். கடைசியில் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். "ஓலைக் கடிதம் பெறல்" என்ற வரி அழகாக அடிக்கப்பட்டிருந்தது. புறப்படுகிற அன்று கோடு போட்டுவிட்டுத்தான் போதகர் வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு சாவீட்டுக்குப் போயிருந்தார். பிறகு வரலாம் என்று திரும்பினேன். அடித்த வரியை யார் இரண்டாம் முறை பார்ப்பார்கள்?

"கடிதம் இல்லாம நான் கை வைக்க முடியாது, தம்பி," என்றார் போதகர். "தந்தி வந்தாலும் போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரட்டும்."

அன்றே மாமா வீட்டு விலாசம் கொடுத்துத் தந்தி அடித்தோம். பதில் வர வேண்டும். அதுவரை செய்ய ஒன்றுமில்லை. புதன்கிழமைப் பக்கத்தில் நான் எழுதியிருந்த பதினோரு காரியமும் அந்தத் தந்தியை நம்பி இருந்தவை. வெறுங்கையோடு மாம்பலம் போனேன். "சும்மாத்தானே இருக்கீங்க, வாங்க," என்று எஸ்தர், அப்பாவையும் இழுத்துக்கொண்டு, அடையாற்றில் இருந்த பெரிய ஆலமரத்தைக் காட்டக் கூட்டிப்போனாள். மரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. விழுதுகளை நான் எண்ணத் தொடங்கினேன். எண்ணுகிற ஒவ்வொரு தடவையும் அவள் வேண்டுமென்றே குறுக்கே பேசி எண்ணிக்கையைக் குலைத்தாள். நாலாம் தடவை எண்ணுவதை விட்டுவிட்டுச் சிரித்தேன். அவள் என்னைச் சற்று நேரம் கூர்ந்து பார்த்தாள்.

வியாழக்கிழமை பாண்டி பஜாரில் வளையல் வாங்கப் போனோம். கூட்டத்தில் அவளைத் தவறவிட்டேன். கால் மணி நேரம் கடை கடையாக ஓடி, கண்ணாடி போட்ட வேறொரு பெண்ணிடம் "எஸ்தர்!" என்று கத்தி, அந்தப் பெண்ணின் அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எஸ்தர் எதிர்ச் சாரியில் நின்று, நெல்லிக்காய் தின்றுகொண்டே அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "ரொம்ப பயந்துட்டீங்களோ?" என்றாள். "ஓம், நல்லாப் பயந்துபோனன்," என்றேன். மீதி நெல்லிக்காயை என் கையில் கொட்டினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாம்பலம் வீட்டுக்குத் தந்தி வந்தது. மாமா படித்துக் காட்டினார். "அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று ஓலை விடுபட்டது. இரண்டே வாசிக்கப்பட்டன. மூன்றாவது வரும் ஞாயிறு."

அந்த ஞாயிறு என்ன நடந்தது என்று எனக்குத்தான் தெரியும். காணிக்கையாக வந்த பூசணிக்காயையும் வாழைக்குலையையும் கோழியையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது எங்கள் வழக்கம். ஏலத்துக்குப் பொறுப்பு நான். பதினொரு மணிக்குத் தொடங்க வேண்டும் என்று எழுதி அடித்திருந்தேன். "ஐயா, இண்டைக்கு அறிவித்தல் ஒண்டும் வேண்டாம், நேரம் போகுது," என்று போதகரின் காதில் போய்ச் சொன்னவனும் நானே. அறிவித்தலோடு என் ஓலையும் போயிற்று. பிரசங்க பீடத்துக்குக் கீழே நின்றபடி என் கல்யாணத்தையே நான் ஏலம் விட்டிருக்கிறேன். ஒரு சேவல் கட்டவிழ்த்துக்கொண்டு ஓடிய கலவரத்தில் எனக்கு அது தெரியவும் இல்லை.

இதை அப்படியே ஒப்புக்கொண்டேன். மாமா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை நான் ரயில் ஏறியே ஆக வேண்டும். பள்ளிக்கூடத்து லீவு அவ்வளவுதான். அடுத்த லீவு கிறிஸ்மசுக்கு. அதற்குள் இந்த ஓலைகள் காலாவதியாகிவிடும். எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மிஞ்சியிருந்தது திங்கட்கிழமை ஒன்றுதான். ஞாயிறு அங்கே ஓலை வாசித்து, தந்தி வந்து சேர்ந்து, அப்புறம் கல்யாணம். நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் சமையல்காரர் காதர் பாய் வந்து நின்றார். கல்யாணப் பிரியாணி அவர் பொறுப்பு.

"இன்னா சாப், வாசல் வரைக்கும் கேக்குது, கண்ணாலம் தள்ளிப் போச்சா?"

"ஆமா பாய். சாப்பாட்டையும் திங்கக்கிழமைக்கு மாத்திடலாமா?" என்றார் மாமா.

"அது நடக்காது. ஆட்டை இன்னிக்கு ராவே அறுக்கச் சொல்லிட்டேன். அரிசி பர்மிட்டு சனிக்கிழமைக்குன்னு போட்டுக் குடுத்துக்கீறான். வேற நாள்ல அடுப்பேத்தினா ரேஷன்காரன் வந்து குண்டானோட தூக்கிக்கினு போயிடுவான்."

ஓலை சேவலோடு ஓடிப்போன கதையை மாமா அவருக்கு விளக்கினார். காதர் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உருதுவில் ஏதோ முணுமுணுத்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். மாமா தயங்கினார். "மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தா நல்லவராத்தான் தெரியுது, ஆனா படிப்பு கொஞ்சம் அதிகமாயிட்டது போலங்கிறார்."

எஸ்தருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, நாளைக்கே பந்தி போட்டுடுவோம். அழைச்சவங்க வரட்டும், சாப்பிடட்டும். கல்யாணம் வரும்போது வருது."

"இன்ஷா அல்லா, பன்னண்டு மணிக்கு மொத பந்தி," என்றார் காதர் பாய். ஆண்டவன் நாடினால் என்று அர்த்தம். சொல்லிவிட்டு உட்காரவில்லை, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்புக்குக் கல் தேடப் போனார். எனக்குச் சுருக்கென்றது. அதே சொல்லைத்தான் நானும் எங்கள் பாஷையில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு வேலை முடிந்தது என்று கோடு போட்டவன் நான்.

சனிக்கிழமை, கல்யாணம் இல்லாத கல்யாண விருந்து நடந்தது. இப்படி ஒரு கூத்தை நான் கண்டதில்லை. வந்தவர்களுக்கு வாழ்த்துவதா, ஆறுதல் சொல்வதா என்று புரியவில்லை. சிலர் பரிசுப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் எனக்கு மாலை போட்டுவிட்டு, யோசித்து, கழற்றி, ஆணியில் மாட்டினார். போதகர் பிரியாணிக்கு மட்டும் ஜெபம் செய்தார். எனக்கு மாடி அறை கொடுத்த வாத்தியார் மூன்றாம் தடவை கறி போட்டுக்கொண்டு, "கல்யாணம் நடந்திருந்தா இவ்வளவு நிதானமாச் சாப்பிட்டிருக்க முடியாது," என்றார். நானும் எஸ்தரும் தோளில் துண்டோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தோம். ஒரே பந்தியில் எதிரெதிர்ச் சாரி. நடுவில் சந்திக்கிறபோதெல்லாம் இரண்டு பேரும் தண்ணீரைத் தரையில் ஊற்றினோம்.

கைகழுவிய ஒருவர் என் கையைக் குலுக்கினார். "சாப்பாடு ஜோர். அது சரி, கல்யாணம் எப்ப?"

"கர்த்தருக்குச் சித்தமானால் திங்கட்கிழமை," என்றேன். முப்பத்துமூன்று வருஷத்தில் அந்தச் சொல்லை அர்த்தத்தோடு சொன்னது அன்றுதான்.

ஞாயிறு காலை மயிலாப்பூரில் எங்கள் சபைக் கோவிலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இந்நேரம் அங்கே எங்கள் போதகர் எழுந்திருப்பார். மழை பெய்து ஆராதனையே இல்லாமல் போனால்? அவருக்கு இருமல் கண்டால்? தன் மகளை எனக்குக் கட்டி வைக்க நினைத்திருந்த எங்கள் சித்தப்பா முறைக்காரர் எழுந்து நின்று கையைத் தூக்கினால்? கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு என்னால் ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது. என் ஜெபங்கள் எப்போதும் கர்த்தருக்கு நான் கொடுக்கிற நேர அட்டவணையாகவே இருக்கும். அன்று ஒரு மணியும் ஒரு நாளும் சொல்ல வரவில்லை. அவள் எனக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டேன். கண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்தவர் பிரசங்கத்துக்காக அழுகிறேன் என்று நினைத்து மெச்சினார்.

திங்கட்கிழமை விடிந்ததும் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். அங்கே காத்திருந்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று ஒரு நினைப்பு. பதினொன்றரைக்கு அங்கிருந்தவர் இரக்கப்பட்டு, "மாம்பலத்துத் தந்தி நேரா மாம்பலத்துக்குப் போயிடும் சார், இங்க எதுக்குக் குந்திக்கினு கீறீங்க?" என்றார். அடித்துப் பிடித்து எழும்பூர் போய் மின்சார ரயிலில் ஏறினேன். மாம்பலம் வந்தபோது கூட்டம் என்னைக் கதவுப் பக்கம் விடவில்லை. சைதாப்பேட்டையில் துப்பியது. அங்கிருந்து திரும்பி, வெயிலில் செருப்பு அறுந்து, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் புழுதியுமாக வீடு போய்ச் சேர்ந்தேன்.

எஸ்தர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் தந்தி. மாமா போதகரைக் கூட்டிவர அடையாறு போயிருந்தார்.

"மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. தடையில்லை," என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

உட்கார்ந்தேன். தடையில்லை என்று சொன்னது சபைதான், அவள் அல்ல.

"போன திங்கக்கிழமை உங்க புஸ்தகத்தைப் பாத்துட்டு அன்னிக்கு ராத்திரி அழுதேன்," என்றாள். "சனிக்கிழமை கல்யாணம் வேணாம் ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணேன். இந்த மனுஷர் என்னையும் ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவாரோன்னு பயம். இவர் யாருன்னு பாக்கக் கொஞ்ச நாள் குடுங்கன்னு கேட்டேன். அப்பாகிட்டகூடச் சொல்லல."

வெள்ளிக்கிழமை நான் என்னையும் பூசணிக்காயையும் சேவலையும் சபித்துக்கொண்டிருந்தபோது, அதே அறையில் ஒருத்தி கேட்டது கிடைத்துவிட்டதே என்று திகைத்துப்போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"இண்டைக்கும் வேண்டாமெண்டுதான் கேட்டீங்களோ?" என்றேன்.

"இன்னிக்கா?" தந்தியை நாலாக மடித்தாள். "இன்னிக்கு எங்க ஜெபம் பண்ண நேரம்? ஆறு மணிக்கே எழுந்து கல்யாணப் பொடவைய இஸ்திரி போட்டுட்டேன். தலைக்குப் பூவும் கட்டி வச்சாச்சு."

"தந்தி எத்தினை மணிக்கு வந்தது?"

"பதினொண்ணு பத்துக்கு," என்று சொல்லிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.